பங்குனியில் காற்று திரும்பும்போது: இராமநாதபுரக் கரையில் வெயிலையும் வறட்சியையும் கடக்க ஒரு முழுமையான வழிகாட்டி

‘தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவேன்’ என்று அரசு அலுவலகங்களில் மிரட்டுவார்களே, அந்தக் காடு எங்கள் ஊர்தான். அப்படிப் பயந்துகொண்டே வந்தவர்களில் பலர் இங்கேயே மனை வாங்கி வீடும் கட்டிவிட்டார்கள் என்பது வேறு கதை. கீழக்கரைக்கும் சாயல்குடிக்கும் இடையே ஒரு கடற்கரைக் கிராமத்தில் பிறந்து, பதினொரு வருடம் வளைகுடா நாட்டில் உழைத்துவிட்டுத் திரும்பியவன் நான். அதனால் இரண்டு வகை வெக்கையும் எனக்குப் பழக்கம். அங்கே உள்நாட்டுப் பாலைவனத்தில் மே மாதம் 42 டிகிரி வெயிலில் நின்றாலும் வியர்ப்பது தெரியாது. காய்ந்த காற்று வியர்வையை உடனுக்குடன் உறிஞ்சிவிடும். சட்டை முதுகில் உப்பு மட்டும் வெள்ளைக் கோடாகப் படிந்திருக்கும். இங்கே வெப்பமானி 34 டிகிரிதான் காட்டும். ஆனால் பத்து மணிக்குப் போட்ட சட்டையைப் பத்தரைக்குப் பிழியலாம்.

காரணம் எளிது. வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். வழிந்து தரையில் சொட்டும் வியர்வையால் ஒரு காசுக்கும் பயனில்லை. காற்றில் ஈரப்பதம் 70 விழுக்காடு இருந்தால் 34 டிகிரி வெப்பம் உடம்புக்கு 45 டிகிரிக்கு மேல் இருப்பதுபோலத் தோன்றும். வானிலைத் துறை கடலோரத்தில் 37 டிகிரியும், சமவெளியில் 40 டிகிரியும் தொட்ட பிறகுதான், அதுவும் வழக்கத்தைவிட நாலரை டிகிரி கூடியிருந்தால்தான், ‘வெப்ப அலை’ என்று பேச்சை எடுக்கும். அந்த அறிவிப்பு வராமலேயே எங்கள் ஊரில் ஆட்கள் மயங்கி விழுவார்கள்.

எனவே இந்தக் கரையில் வாழ வருகிறவர் வெப்பமானியை அப்புறம் பார்க்கட்டும். முதலில் காற்றைப் பார்க்க வேண்டும். கூரை, தண்ணீர், வேலை நேரம், மிளகாய்க் களம் என்று கீழே சொல்லப்போவதெல்லாம் அந்தக் காற்றைத் தொட்டுத்தான் வருகிறது. மாசி கடைசியில் தொடங்கினால் எல்லாவற்றையும் நிதானமாகச் செய்து முடிக்கலாம். சித்திரையில் தொடங்கினால் ஓடி ஓடிச் செய்ய வேண்டியிருக்கும்.

முதல் படி: காற்றின் பெயரையும் நேரத்தையும் தெரிந்துகொள்ளுங்கள்

கடலோடிகள் காற்றுக்கு நான்கு பெயர் வைத்திருக்கிறார்கள். வடக்கிலிருந்து வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், தெற்கிலிருந்து சோழகம், மேற்கிலிருந்து கச்சான். ஐப்பசியிலிருந்து தை வரை வாடையின் ஆட்சி. மாசியில் அது தளரும். பங்குனி, இரண்டு ஆட்சிக்கும் நடுவே கிடக்கும் மாதம். காற்று எந்தப் பக்கம் போவது என்று முடிவெடுக்காமல் திணறும். சித்திரையில் தெற்குக் காற்று பிடிக்கும். வைகாசியிலிருந்து ஆடி வரை கச்சான் இரவு பகல் பாராமல் அடிக்கும்.

இதில் ஆபத்தானது எது என்று கேட்டால், வெளியூர்க்காரர்கள் கச்சானைக் கைகாட்டுவார்கள். மண்ணை வாரி இறைக்கிறதே, அதனால். எங்கள் மாமா, நாற்பது வருடம் வள்ளம் ஓட்டியவர், வேறு கணக்கு வைத்திருந்தார். “மருமகனே, அடிக்கிற காற்றுக்கு அஞ்ச வேண்டாம். அடிக்காத காற்றுக்கு அஞ்சு” என்பார். பங்குனிக் கடைசியில் கடல் எண்ணெய் ஊற்றியதுபோல அசையாமல் கிடக்கும் நாட்கள் வரும். பனையோலை சலசலக்காது. அன்றுதான் கிழவர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் உண்மையான சோதனை. நிலத்தில் மட்டுமல்ல. இப்படிக் காற்றடங்கிக் கடல்நீர் சூடேறிய கோடைகளில்தான், 2010இலும் 2016இலும், மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றியுள்ள பவளப் பாறைகள் பெருமளவில் வெளுத்துப்போயின.

ஒரு வாரம் இந்த வேலையைச் செய்யுங்கள். காலை ஆறு, பத்து, ஒன்று, நாலு, இரவு ஒன்பது ஆகிய ஐந்து வேளையும் வாசலில் நின்று காற்று எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். கொடிக்கம்பம் இருந்தால் நல்லது. இல்லையென்றால் கொடியில் காயும் ஈரத் துண்டு போதும். ஒரு பழைய நோட்டில் குறித்து வையுங்கள். ஏழாவது நாள் உங்கள் வீட்டுக்கான அட்டவணை கையில் இருக்கும். பொதுவாக இரவிலும் விடியலிலும் நிலத்திலிருந்து கடலுக்கு மெல்லிய காற்று போகும். வெயில் ஏற ஏற அது அடங்கி, எட்டரை மணியிலிருந்து பத்தரை வரை ஒரு வெற்று நேரம் வரும். பிறகு கடற்காற்று ஏறும். அந்த வெற்று நேரத்தை நன்றாக நினைவில் வையுங்கள். நாளின் மிகச் சூடான நேரம் மதியம்தான். ஆனால் காற்றில்லாத காரணத்தால் ஒன்பதரை மணிப் புழுக்கம் இரண்டு மணி வெயிலைவிட மோசமாக இருக்கும்.

ஊர் எந்தக் கடலைப் பார்க்கிறது என்பதும் முக்கியம். ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர் ஆகியவை தென்கடலைப் பார்த்த ஊர்கள். இவற்றுக்குத் தெற்குக் காற்று நேராகக் கடலிலிருந்து வரும். தேவிபட்டினம், தொண்டி ஆகியவை கிழக்கே பாக் விரிகுடாவைப் பார்த்தவை. வைகாசியில் கச்சான் வலுத்தால், பரமக்குடிப் பக்கத்துக் கொதித்த நிலத்தின் மேல் ஓடி வந்த காற்று இந்த ஊர்களில் இறங்கும். கடற்காற்றை உள்ளே விடாமல் தடுக்கும். பதினொரு மணிக்கு வர வேண்டிய கடற்காற்று மூன்று மணிக்கு வரும், சில நாள் வரவே வராது. வெப்பமானி 37, 38 என்று ஏறுவது அப்போதுதான். பாம்பன் தீவில் இருபுறமும் கடல் என்பதால் பகல் அவ்வளவு ஏறாது. அதற்குப் பழிவாங்குவதுபோல இரவு இறங்காது. சித்திரையில் விடியற்காலையிலும் 27 டிகிரிக்குக் கீழே போகாத நாட்கள் அங்கே உண்டு.

இரண்டாம் படி: மாசி முடிவதற்குள் தண்ணீர்

இந்த மாவட்டத்தின் மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில் பெய்து தீர்ந்துவிடுகிறது. அதைப் பிடித்து வைக்கத்தான் பாசனத்துக்குக் கண்மாயும் குடிக்க ஊருணியும் வெட்டினார்கள். காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாய் வந்த பிறகு ஊருணியை மறந்த ஊர்கள் நிறைய. குழாயில் தண்ணீர் வராத சித்திரையில் அந்த ஊர்ச் சாலைகளில் ஆறு குடம், எட்டுக் குடம் அடுக்கிய தள்ளுவண்டிகளைப் பார்க்கலாம். வண்டியைத் தள்ளுவது எப்போதும் பெண்கள்தான். ஏன் என்று யாரும் கேட்பதில்லை.

கடலோர மணலில் தண்ணீர் எப்படி இருக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதித் தவறுகளைத் தவிர்க்கலாம். மழைநீர் மணலில் இறங்கி, கனமான உவர்நீரின் மேல் ஒரு வில்லை போல மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால், அதைத் தாங்கிக் கீழே சுமார் நாற்பது அடி நல்ல தண்ணீர் இருக்கும் என்பது கணக்கு. கணக்கை அப்படியே திருப்பிப் பாருங்கள். மேலே ஓர் அடி இறைத்தால் கீழிருந்து நாற்பது அடி உப்பு ஏறும். குதிரைத்திறன் மிகுந்த மோட்டாரை ஆழத்தில் இறக்கி மணிக்கணக்கில் ஓட்டுகிறவர் தன் கிணற்றைத் தானே உவர் ஆக்குகிறார். பக்கத்து வீட்டுக் கிணற்றையும் சேர்த்துத்தான்.

தனுஷ்கோடியில் ஒருமுறை ஊற்றுத் தோண்டுவதை உட்கார்ந்து பார்த்தேன். ஒரு அம்மா கடலுக்கு நூறு அடி தள்ளி, மணல் மேட்டின் பள்ளத்தில் கையாலேயே பறித்தார். முழங்கை ஆழத்தில் மணல் கறுத்தது, பிறகு ஈரமானது, பிறகு கீழே ஒரு கண் திறந்ததுபோல நீர் கசிந்தது. முதலில் வந்த கலங்கலை இரண்டு மூன்று சிரட்டை கோரி வெளியே ஊற்றினார். காத்திருந்தார். தெளிந்த பிறகு சிரட்டையைச் சாய்த்து, அடி மணல் கலங்காமல் மேலாகக் கோரிக் குடத்தின் வாயில் கட்டிய துணி வழியாக ஊற்றினார். குடம் நிறைய அரை மணி நேரம். “அவசரப்பட்டால் உப்புக்கரிக்கும் தம்பி” என்றார். மோட்டார் விற்கிறவர்கள் இந்த அம்மாவிடம் ஒரு நாள் பாடம் கேட்கலாம்.

வீட்டில் செய்ய வேண்டியது இது. மாசிக்குள் தரைத்தொட்டியைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்து நிரப்புங்கள். குடிக்க, சமைக்க என்று ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து லிட்டர் என்று வைத்துக்கொண்டு, பத்து நாளுக்கான தண்ணீர் எப்போதும் தனியாக இருக்கட்டும். அதைக் குளிக்க எடுக்காதீர்கள். கிணற்று மோட்டாரைக் காலையில் இருபது நிமிடம், மாலையில் இருபது நிமிடம் என்று பிரித்து ஓட்டுங்கள். வாரம் ஒருமுறை வாயில் ஊற்றிப் பாருங்கள். நாக்கில் கரிப்பு தட்டினால் ஒரு வேளையை நிறுத்துங்கள். திறந்து கிடக்கும் தண்ணீர் இந்த வெயிலிலும் காற்றிலும் ஒரு நாளைக்கு அரை சென்டிமீட்டருக்கு மேல் குறையும், ஆகவே எல்லாவற்றுக்கும் மூடி வேண்டும். பிளாஸ்டிக் டிரம்மை நிழலில் வையுங்கள். வாரம் ஒருமுறை அதன் உட்சுவரைத் தேங்காய் நாரால் தேயுங்கள்; டெங்கு கொசுவின் முட்டை அந்தச் சுவரில்தான் ஒட்டியிருக்கும், தண்ணீரை மட்டும் கொட்டினால் போகாது.

ஆடு மாடு இருந்தால் தொட்டியைப் பூவரசு நிழலில் வையுங்கள். வெயிலில் கொதித்த தண்ணீரை ஆடு முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும்.

மூன்றாம் படி: கூரையும் சன்னலும்

மொட்டை மாடிக்குப் பங்குனி முதல் வாரத்தில் வெள்ளைச் சுண்ணாம்பு இரண்டு பூச்சு. கிளிஞ்சல் சுண்ணாம்பு கிடைத்தால் மேல். இதைவிடக் குறைந்த செலவில் அறைச் சூட்டைக் குறைக்கும் வழி எனக்குத் தெரியாது. காற்று வலுத்த பிறகு அடித்தால் பாதி உங்கள் முகத்தில் இருக்கும்.

பனையோலைக் கூரை வெயிலுக்கு அருமை, காற்றுக்குப் பாவம். மீனவர் குடியிருப்புகளில் கூரையின் மேல் பழைய வலையைப் போர்த்தி, ஓரங்களில் கல் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். கிழிந்த வலைக்கு இதைவிட நல்ல வேலை கிடையாது. வேய்ந்து மூன்று வருடம் தாண்டிய ஓலை பொடியத் தொடங்கியிருக்கும். அதைக் கச்சானுக்கு முன்பே மாற்றுங்கள்.

தகரக் கொட்டகை போட்டவர்களுக்கு என் கதையைச் சொல்கிறேன். மாடியில் ஒரு கொட்டகை போட்டேன். வேலை செய்த ஆள் முகட்டில் மட்டும் கொக்கி போல்ட்டை முடுக்கிவிட்டு, ஓரத்துக்கு ‘அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று போய்விட்டார். நானும் ஏறிப் பார்க்கவில்லை. வைகாசியில் ஓர் இரவு டமடமவென்று ஒரு சத்தம். காலையில் பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, “தம்பி, உங்கள் கூரை எங்கள் முருங்கையில் இருக்கிறது. வந்து எடுத்துக்கொண்டு போங்கள்” என்றார். முருங்கை பாதியாக முறிந்து கிடந்தது. அந்த வருடம் முழுக்க அவர்கள் வீட்டுக்குக் காய் வாங்கிக் கொடுத்தேன். காற்று தகரத்தை மேலிருந்து அழுத்துவதில்லை, ஓரத்தில் நுழைந்து கீழிருந்து தூக்குகிறது. அதனால் முகட்டைவிட ஓரத்துக்குத்தான் போல்ட் நெருக்கமாக வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை துருவைப் பாருங்கள். உப்புக் காற்றில் சாதாரண இரும்புத் திருகு சீக்கிரம் தேய்ந்துவிடும்.

சன்னலுக்கு உங்கள் நோட்டுப் புத்தகத்தைப் பாருங்கள். கடற்காற்று ஏறும் நேரத்தில் கடல் பக்கத்துச் சன்னலையும் அதற்கு எதிர்ச்சுவரில் ஒன்றையும் திறக்க வேண்டும். போக வழி இல்லாத காற்று உள்ளே வராது. நிலக்காற்று சூடாக அடிக்கும் மதியங்களில் மேற்குச் சன்னலைச் சாத்தி, வெளிப்புறம் தென்னங்கீற்றுத் தட்டியைத் தொங்கவிடுங்கள். தட்டி வெளியே இருக்க வேண்டும். உள்ளே திரைச்சீலை போட்டால் வெயில் கண்ணாடியைத் தாண்டி அறைக்குள் வந்த பிறகு தடுக்கிறீர்கள்.

ஏர்கூலர் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: கமுதி, முதுகுளத்தூர் என்றால் வாங்குங்கள், காற்று காய்ந்திருப்பதால் நன்றாகக் குளிரும். கடலிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் வீடு என்றால் காசைக் கரியாக்காதீர்கள். ஏற்கெனவே ஈரமான காற்றில் தண்ணீர் ஆவியாகாது. இரண்டு மூன்று டிகிரி குறையும், புழுக்கம் இரண்டு மடங்காகும். சன்னலில் ஈரச் சாக்கு தொங்கவிடுவதும் அப்படித்தான். கடலோரத்துக்குச் சாதாரண மின்விசிறியும் நார்க்கட்டிலும் போதும். நார்க்கட்டிலில் முதுகுக்குக் கீழேயும் காற்று போகும். மெத்தையில் படுத்தால் வேர்க்குருதான் மிச்சம்.

மரம் வைக்க இது காலமில்லை, ஐப்பசிக்குக் காத்திருங்கள். ஆனால் எங்கே வைப்பது என்று முடிவெடுக்க இதுவே காலம். மேற்கே வேம்பும் பூவரசும். தென்மேற்கில் மண் பறக்கும் பக்கம் சவுக்கு வரிசை. இந்தக் கரைக்கே உரிய உடைமரத்தைப் பார்த்திருப்பீர்கள், குடை விரித்ததுபோல உச்சி தட்டையாக, காற்றுப்போக்கில் சாய்ந்து நிற்கும். அந்தச் சாய்வைப் பார்த்தாலே கச்சான் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரிந்துவிடும்.

நான்காம் படி: வேலை நேரமும் குடிநீரும்

அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் பன்னிரண்டரையிலிருந்து மூன்று மணி வரை திறந்த வெளியில் வேலை வாங்கக் கூடாது என்று சட்டம் உண்டு. மீறினால் அபராதம். ஊரில் அப்படி யாரும் வந்து நிறுத்தப்போவதில்லை. நாமே ஒரு கோடு போட்டுக்கொள்ள வேண்டும். என் வீட்டில் பதினொன்றரையிலிருந்து மூன்றரை வரை வெளிவேலை கிடையாது. கொத்தனார் வந்தாலும் இதுதான் விதி. காலை ஆறு மணிக்கு வரச் சொல்லி, மதியம் நிழலில் படுக்கவிட்டு, நாலு மணிக்கு மறுபடி தொடங்கினால் வேலை குறைவதில்லை. கை நிதானமாக இருப்பதால் சுவரும் நேராக வருகிறது.

குளிர்சாதன அறையில் இருந்துவிட்டு விடுமுறைக்கு வருகிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். உடம்பு வெக்கைக்குப் பழக ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரம் ஆகும். வந்த மறுநாளே தோட்டத்துச் சீமைக் கருவேலத்தை வெட்டி வேரோடு பிடுங்குகிறேன் என்று இறங்காதீர்கள். முதல் நாலைந்து நாள் பாதி வேலை, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக.

தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல், வெயிலில் நிற்கும்போது இருபது நிமிடத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர். சிறுநீர் மஞ்சள் அடர்ந்தால் போதவில்லை என்று பொருள். சிறுநீரகம், இதயம் தொடர்பாக மருந்து சாப்பிடுகிறவர்கள் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். காலையில் நீராகாரமும் சின்ன வெங்காயமும், பதினொரு மணிக்கு உப்புப் போட்ட மோர். இதற்கு மேல் எந்தப் புட்டிப் பானத்தையும் எனக்குப் பரிந்துரைக்கத் தோன்றவில்லை.

பனங்காடு பக்கத்தில் இருந்தால் விடியற்காலையில் போய்ப் பதநீர் குடியுங்கள். இறக்குகிறவர் மரத்திலிருந்து இறங்கியதும் கலயத்தின் உட்பக்கத்தைப் பாருங்கள். சுண்ணாம்பு வெள்ளையாகப் பூசியிருக்க வேண்டும். அந்தச் சுண்ணாம்புதான் பாளையிலிருந்து சொட்டும் சாறு புளித்துக் கள்ளாகாமல் தடுக்கிறது. பச்சை ஓலையை மடித்துப் பட்டை கட்டி, அதில் ஊற்றித் தருவார். முதல் வாயில் சுண்ணாம்பின் லேசான காரம், பிறகு இனிப்பு, பிறகு பச்சை ஓலையின் வாசம். பகல் முழுவதும் வெயிலில் சைக்கிளில் சுற்றிய பதநீரை வாங்காதீர்கள். நுங்குக்கு அந்தப் பயம் இல்லை; கண் முன்னே சீவித் தருவதுதான்.

ரமலான் நோன்பு சில ஆண்டுகளாக மாசி, பங்குனியை ஒட்டியே வந்துகொண்டிருக்கிறது. நோன்பு திறந்ததும் பொரித்ததைத் தேடாமல் தண்ணீர், பேரீச்சம்பழம், நோன்புக் கஞ்சி என்று போனால் உடம்பு தாங்கும். வெளிவேலையை, சஹர் எனும் விடியலுக்கு முந்தைய உணவுக்குப் பின் ஒன்பது மணிக்குள் முடித்துக்கொள்வது கீழக்கரைப் பக்கத்தில் பழைய வழக்கம்.

ஐந்தாம் படி: களம், உப்பளம், படகு

வெயிலைத் திட்டிக்கொண்டே அதை வைத்துப் பிழைக்கிற ஊர் இது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற இராமநாதபுரம் முண்டு மிளகாய் மாசியிலிருந்து சித்திரை வரை களத்துக்கு வருகிறது. பறித்ததை உடனே வெயிலில் கொட்டக் கூடாது. ஒரு நாள் நிழலில் குவித்து வைத்தால் அரைப்பழமும் சிவந்து நிறம் ஒன்றாகும். பிறகு சிமென்ட் களத்திலோ தார்ப்பாயிலோ மெல்லியதாகப் பரப்ப வேண்டும். வெறும் மண்ணில் பரப்பினால் காற்று மணலை ஊதி உள்ளே தள்ளிவிடும், எத்தனை முறை புடைத்தாலும் போகாது. மாலையில் கடற்காற்றில் ஈரம் ஏறும் முன் குவித்து மூடுங்கள். மூடாமல் விட்ட மிளகாய் இரவுப் பனியில் நனைந்து பூஞ்சை பிடிக்கும். வெளியே பார்த்தால் தெரியாது, உடைத்தால் உள்ளே கறுத்திருக்கும். ஒரு மிளகாயைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். விதை கலகலத்தால் காய்ந்துவிட்டது.

வாலிநோக்கம் பக்கத்து உப்பளங்களுக்கு வறண்ட காற்றுதான் முதலாளி. பாத்தியில் உப்புப் பூப்பது வெயிலால் மட்டுமில்லை, ஈரத்தை அள்ளிக்கொண்டு போகும் காற்றாலும்தான். ஆனால் வாரும் தொழிலாளியின் கண்ணுக்கு மேலிருந்து ஒரு வெயில், உப்பின் வெண்மையிலிருந்து இன்னொரு வெயில். கறுப்புக் கண்ணாடி அங்கே அலங்காரம் இல்லை. காலுக்கு ரப்பர் பூட்ஸ் இல்லாவிட்டால் பித்தவெடிப்பில் உப்பு இறங்கும். முதலாளிமார் கூலி போடும்போது இவற்றையும் சேர்த்துப் போட வேண்டும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. படகுகள் கரையேறி, பழுது பார்க்கும் வேலை சூடு பிடிப்பது சரியாகக் கத்திரி வெயிலில். படகின் அடிநிழல் எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கம் வேலை என்று, காலையில் மேற்குப் பக்கமும் மாலையில் கிழக்குப் பக்கமும் மாற்றிக்கொள்ளுங்கள். படகு கட்டும் தச்சர்களான பழகிய ஓடாவிகள் சொல்லாமலேயே இப்படித்தான் செய்கிறார்கள்.

ஆறாம் படி: நெருப்பு

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் மறக்காதீர்கள். காய்ந்த ஓலை, காய்ந்த கருவேல முள், ஓயாத காற்று மூன்றும் சேர்ந்தால் ஒரு பொறி ஒரு தெருவை எரிக்கும். கச்சான் காலத்தில் முற்றத்து அடுப்பைக் காலை ஒன்பது மணிக்குள் அணைத்துவிட்டுச் சாம்பலில் தண்ணீர் ஊற்றுங்கள். குப்பையைக் கொளுத்தாதீர்கள். கருவேலங்கரிக்கு மூட்டம் போடுகிறவர்கள் சுற்றிலும் பத்தடிக்குத் தரையைச் செதுக்கி வைக்கட்டும். ஓலை வீடு என்றால் வாசலில் ஒரு டிரம் தண்ணீரும் ஒரு நீளத் துறட்டியும். எரியும் ஓலையை இழுத்துக் கீழே தள்ள அந்தத் துறட்டிதான் கைகொடுக்கும். கடல் தண்ணீரும் நெருப்பை அணைக்கும்.

ஏழாம் படி: சாலையும் கடலும்

இராமேசுவரத்திலிருந்து அரிச்சல்முனை வரை சுமார் இருபது கிலோமீட்டர். 1964 டிசம்பர் புயல் தின்ற தனுஷ்கோடியைப் பார்க்க 2017இலிருந்து தார்ச்சாலை இருக்கிறது. நிழல் மட்டும் இல்லை. காலை எட்டு மணிக்குள் போய்ச் சேர்ந்து பத்து மணிக்குள் கிளம்பிவிடுங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தலைக்குத் துண்டு, குழந்தைகளுக்குச் செருப்பு. மதிய மணலில் வெறுங்காலோடு நூறு அடி நடக்க முடியாது. காற்று மணலைச் சாலைக்குக் குறுக்கே நாக்கு நாக்காகத் தள்ளியிருக்கும். இருசக்கர வண்டி அதில் வழுக்கும், வேகத்தைக் குறையுங்கள்.

பாம்பன் சாலைப் பாலத்தில் பக்கக் காற்று வண்டியைத் தள்ளும். பக்கத்து ரயில் பாலத்தில் காற்று வரம்பு மீறினால் ரயிலையே நிறுத்தி வைக்கும் ஏற்பாடு இருக்கும்போது, பின்னால் மூட்டை கட்டிய பைக்குக்கு என்ன தைரியம்? கச்சான் வலுத்த நாளில் பாலத்தின் நடுவே நின்று படம் எடுக்க வேண்டாம்.

பங்குனி, சித்திரையில் இன்னொன்று. உள்ளூரில் காற்றே இல்லாதபோது தென்கடல் திடீரென்று கரை ஏறும். கள்ளக்கடல் என்பார்கள். எங்கோ தெற்கே இந்தியப் பெருங்கடலில் அடித்த புயலின் அலை நாட்கணக்கில் பயணம் செய்து இங்கே வந்து சேர்வது அது. ஹைதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் இதற்கு முன்கூட்டியே எச்சரிக்கை விடுகிறது. அன்று படகுகளை மேட்டுக்கு இழுத்து, ஒன்றோடொன்று மோதாமல் இடைவெளி விட்டுக் கட்டுங்கள். கடலில் காலை நனைக்கும் ஆசையையும் ஒரு நாள் தள்ளிப்போடுங்கள்.

கடைசிப் படி: ஒருவர் விழுந்துவிட்டால்

தலைசுற்றல், கெண்டைக்கால் இழுப்பு, குமட்டல், குளிர்ந்த வியர்வை என்றால் களைப்பு. நிழலில் படுக்கவைத்துக் காலைச் சற்று உயர்த்தி, உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீருக்கு மட்டமாக ஆறு தேக்கரண்டி சர்க்கரை, மட்டமாக அரைத் தேக்கரண்டி உப்பு. கண்ணளவில் போடாதீர்கள், உப்பு கூடினால் கேடு. அரை மணி நேரத்தில் தெளியாவிட்டால் மருத்துவமனை.

பேச்சு குழறினாலோ, ஆளை அடையாளம் தெரியாமல் விழித்தாலோ, வலிப்பு வந்தாலோ, உடம்பு அனலாகக் கொதித்தாலோ அது வெப்பத் தாக்கு. வியர்வை இருந்தாலும் இல்லாவிட்டாலும்தான். உடனே 108. அது வரும்வரை சும்மா நிற்காதீர்கள். சட்டையைக் கழற்றி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இரண்டு பேர் பனையோலை விசிறியாலோ முறத்தாலோ விடாமல் வீசுங்கள். இந்தக் கரையில் தண்ணீர் தானாக ஆவியாகாது, வீச்சுதான் அதை விரட்ட வேண்டும். ஐஸ் இருந்தால் கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வையுங்கள். மீன் ஏலக் கூடத்தில் எப்போதும் கிடைக்கும், கேட்க வெட்கப்படாதீர்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், சோடா உட்பட.

ஒரு பையனைச் சைக்கிளில் மெயின் ரோட்டுக்கு அனுப்பி நிற்கச் சொல்லுங்கள். வெளியூர் ஓட்டுநருக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து பிரியும் மண்பாதைகளும் சவுக்குத் தோப்புகளும் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும்.